வெறுத்தாலும் விட முடியவில்லை: நவதாராளவாதம் ஏன் நீடிக்கிறது? சிலியில் கிடைக்கும் பதில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு நவதாராளவாதத்தை மனமாரப் புகழ்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வீதியிலும் வாக்குச்சாவடியிலும் மக்கள் அதற்கு எதிர்ப்பைக் காட்டிவிட்டார்கள். மக்கள் ஆதரவை இழந்தபிறகும் அது ஏன் போகவில்லை?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களின் விருப்பத்தை நம்பி அது கட்டப்படவே இல்லை. விருப்பம் போனாலும் ஆட்டம் காணாத இரண்டு இடங்களில் அது வேர் விட்டிருக்கிறது. ஒன்று சட்டம். இன்னொன்று நம் ஒவ்வொருவருடைய பாஸ்புக். முதலாவதை எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவதுதான் உறுதியானது என்பது என் எண்ணம்.

நவதாராளவாதம் என்றால் என்ன என்று இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை. கல்வி, மருத்துவம், ஓய்வூதியம், தண்ணீர் என்று முன்பு குடிமகனின் உரிமையாகப் பார்க்கப்பட்டவற்றைச் சந்தையில் விலை கொடுத்து வாங்கும் பொருளாக்குவது, அந்தச் சந்தைக்குக் காவலாக அரசை நிறுத்துவது. இந்த அளவு போதும். பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும். அதனால் சிலி நாட்டை எடுத்துக்கொள்கிறேன். முழு அளவில் இதை முதலில் சோதித்துப் பார்த்த நாடு அது. மிகப் பெரிய எதிர்ப்பு எழுந்ததும் அங்கேதான். எதிர்ப்புக்குப் பிறகும் அது பிழைத்துக்கொண்டதும் அங்கேதான்.

2019 அக்டோபரில் தலைநகர் சாண்டியாகோ மெட்ரோவில் நெரிசல் நேரக் கட்டணம் 800 பேசோவிலிருந்து (பேசோ அந்நாட்டு நாணயம்) 830 ஆனது. வெறும் 30 பேசோ. மாணவர் கட்டணம் ஏறவில்லை. ஆனாலும் முதலில் டிக்கெட் தடுப்பைத் தாண்டிக் குதித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தான். அம்மா அப்பாவுக்காகக் குதித்தார்கள். சீக்கிரம் எழுந்து கிளம்பினால் குறைந்த கட்டணத்தில் போகலாமே என்று பொருளாதார அமைச்சர் சொன்னார். விடியும் முன்பே எழுந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! கொந்தளிக்கும் லத்தீன் அமெரிக்காவின் நடுவே சிலி ஒரு பாலைவனச் சோலை என்று அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அதிபர் செபாஸ்தியான் பினேரா பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அக்டோபர் 18 அன்று ஊர் பற்றி எரிந்தது. அக்டோபர் 25 அன்று சாண்டியாகோவில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். "30 பேசோ இல்லை, 30 வருஷம்" என்பதுதான் கோஷம். 1990இல் ஜனநாயகம் திரும்பியதிலிருந்து அதுவரை போன முப்பது வருடம். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். போலீஸ் சுட்ட ரவைகளிலும் புகைக்குண்டுகளிலும் நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம், பலருக்குப் பார்வையே போனது. சரியாக ஓராண்டு கழித்து, 2020 அக்டோபர் 25 அன்று, புதிய அரசியலமைப்பு வேண்டுமா என்று வாக்கெடுப்பு. 78 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். "நவதாராளவாதத்தின் தொட்டில் சிலி என்றால் அதன் கல்லறையும் சிலியாகவே இருக்கும்" என்று 2021இல் கேப்ரியல் போரிச் முழங்கினார். இடதுசாரி, முன்னாள் மாணவர் தலைவர். அந்த ஆண்டு டிசம்பரில் 35 வயதில் அதிபர் தேர்தலில் வென்றார்.

இன்று நிலை என்ன? ராணுவ சர்வாதிகாரி பினோசே காலத்து 1980 அரசியலமைப்பு, பல திருத்தங்களோடு, இன்னும் அமலில் இருக்கிறது. ஓய்வூதியத்தைத் தனியார் நிறுவனங்கள்தான் கையாள்கின்றன. 2025 டிசம்பரில் 58 விழுக்காட்டு வாக்குகளோடு அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வலதுசாரி ஹோசே அன்டோனியோ காஸ்ட். அவருடைய அண்ணன் மிகேல் காஸ்ட் பினோசே ஆட்சியில் தொழிலாளர் அமைச்சராகவும் மத்திய வங்கித் தலைவராகவும் இருந்தவர்.

இது எப்படி நடந்தது?

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1973 செப்டம்பர் 11 அன்று, தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்திருந்த சல்வடோர் அயேந்தேயை பினோசே தலைமையில் ராணுவம் கவிழ்த்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1950களின் நடுவில், சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகமும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. அதன்படி சிகாகோவில் படித்துத் திரும்பிய பொருளாதாரவாதிகளைத்தான் 'சிகாகோ பையன்கள்' என்கிறார்கள். அவர்களிடம் தயாராக ஒரு திட்ட அறிக்கை இருந்தது. தடிமனைப் பார்த்து அதற்குச் 'செங்கல்' என்று பெயர் வைத்தார்கள். தேர்தலில் நின்றால் அந்தச் செங்கல்லுக்கு ஓட்டு விழுந்திருக்காது. துப்பாக்கி முனையில் நாடாளுமன்றம் மூடப்பட்டு, தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்ட பிறகுதான் அது அமலுக்கு வந்தது. அதனால்தான், 'மக்கள் ஆதரவை இழந்தபிறகும்' என்று கேள்வியில் வருவதைச் சிலியைப் பொறுத்தவரை கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. தொடங்கும்போதே அது மக்களிடம் கேட்கப்படவில்லை.

கேட்காமல் கட்டியதை, நாளைக்கு மக்கள் கேள்வி கேட்கும்போது எப்படிக் காப்பாற்றுவது? இதை உட்கார்ந்து யோசித்தவர் ஹைமே குஸ்மான். 1980 அரசியலமைப்பின் மூளை என்று அவரைச் சொல்வார்கள். 1979இலேயே வெளிப்படையாக எழுதினார். எதிரிகள் ஆட்சிக்கு வந்தாலும், நாம் செய்ய விரும்புவதிலிருந்து பெரிதாக விலகாத ஒன்றைத்தான் அவர்களும் செய்ய முடியும் என்ற நிலையை உண்டாக்க வேண்டும், ஆடுகளமே அவர்களுக்கு வேறு வழி விடாத அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோற்ற பிறகும் ஆள்வது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடத்தை நான் கண்டதில்லை.

அந்தக் களம் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1988இல் பினோசே தொடர வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 56 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டு தேர்தல். ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு இடங்கள். ஓர் அணி இரண்டு இடங்களையும் வெல்ல வேண்டுமானால் அடுத்த அணியைப் போல் இரண்டு மடங்கு வாக்கு வாங்க வேண்டும். சாண்டியாகோ மேற்குத் தொகுதியில் செனட் தேர்தலில் பினோசேயை எதிர்த்த ஜனநாயகக் கூட்டணியின் இரண்டு வேட்பாளர்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். ஒருவருக்குச் சுமார் 31 விழுக்காடு, இன்னொருவருக்குச் சுமார் 30. மூன்றாவதாக வந்தவருக்கு 17 விழுக்காடுதான். அணியின் மொத்தம் அடுத்த அணியைப் போல் இரண்டு மடங்கைத் தொடாததால் 30 வாங்கியவர் தோற்றார், 17 வாங்கியவர் செனட்டர் ஆனார். தோற்றவர் ரிக்கார்டோ லாகோஸ், பின்னாளில் நாட்டின் அதிபர். வென்றவர்? ஹைமே குஸ்மானேதான்.

அதோடு முடியவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 38 செனட்டர்களில் 22 பேர் ஜனநாயகக் கூட்டணியினர். ஆனால் தேர்தலே இல்லாமல் நியமிக்கப்பட்ட 9 பேர் கூட வந்து உட்கார்ந்ததும் 47 பேர் அவையில் அந்தக் கூட்டணி சிறுபான்மை ஆனது. கல்வி போன்றவற்றின் அடிப்படைச் சட்டங்களை மாற்ற ஏழில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். எல்லாம் தாண்டினால் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் காத்திருக்கும். பினோசேயோ 1998 வரை தரைப்படைத் தளபதி. நியமன செனட்டர் முறை 2005இல் ஒழிந்தது, அந்த இரட்டைத் தொகுதி முறை மாறியது 2015இல். அதற்குள் கால் நூற்றாண்டு போய்விட்டது.

இந்தச் சட்டப் பூட்டைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்த பிறகும் வீடு அப்படியே நின்றதே, அது ஏன்? அங்கேதான் பாஸ்புக் வருகிறது.

சிலியில் வேலை பார்க்கும் ஒருவருடைய சம்பளச் சீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்தச் சம்பளத்தின் கீழே பிடித்தங்கள். மருத்துவத்துக்கு 7 விழுக்காடு. ஓய்வூதியத்துக்கு 10 விழுக்காடு, அதன்மேல் ஒரு கமிஷன். இந்தப் பத்து விழுக்காடு 1981 மே மாதத்திலிருந்து ஏ.எஃப்.பி. எனப்படும் தனியார் நிதி நிறுவனங்களுக்குப் போகிறது. திட்டத்தைக் கொண்டுவந்தவர் அன்றைய தொழிலாளர் அமைச்சர் ஹோசே பினேரா, மேலே சொன்ன அதிபர் பினேராவின் அண்ணன். நம் பி.எஃப். போல என்று நினைத்தால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் பி.எஃப்.பில் முதலாளியும் பங்கு போடுகிறார். அங்கே 2025 வரை தொழிலாளி மட்டும்தான். வயதானவர்களுக்காக இளையவர்கள் சேர்ந்து போடும் பொதுத் தொட்டியும் இருக்கவில்லை. அவரவர் கணக்கு, அவரவர் பணம், அவரவர் தலைவிதி. பாதி வாழ்நாள் முறைசாரா வேலையில் கழித்தவருக்கும், பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்ணுக்கும் கணக்கில் என்ன சேரும்? ஓய்வூதியம் கைக்கு வரத் தொடங்கியபோது பெரும்பாலோருக்கு அது குறைந்தபட்ச ஊதியத்தைக்கூட எட்டவில்லை.

இந்தத் திட்டத்திலிருந்து விலக்கு பெற்றவர்கள் யார் தெரியுமா? ராணுவமும் போலீசும். அவர்கள் பழைய அரசு ஓய்வூதியத்திலேயே இருந்துகொண்டார்கள். நாட்டின் மிகப் பெரிய சொத்தான தாமிரச் சுரங்க நிறுவனம் கோடெல்கோவும் தனியார்மயமாகவில்லை. அதன் ஏற்றுமதி வருமானத்தில் 10 விழுக்காடு நேராக ராணுவத்துக்குப் போனது. சந்தைதான் எல்லாருக்கும் நல்லது என்று சொன்னவர்கள் தங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளவில்லை என்பதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

2016இல் ஏ.எஃப்.பி.க்கு எதிராக லட்சக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாக ஊர்வலம் போனார்கள். 2019 கோபத்தின் நடுவிலும் அதுவே இருந்தது. அப்புறம் கொரோனா வந்தது. வேலை இல்லை, அரசு உதவி போதவில்லை. நாடாளுமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது: ஓய்வூதியக் கணக்கிலிருந்து 10 விழுக்காட்டை மக்களே எடுத்துக்கொள்ளலாம். 2020 ஜூலையில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை, 2021 ஏப்ரலில் ஒரு முறை. மொத்தம் ஏறத்தாழ 5,000 கோடி டாலர் வெளியே வந்தது. பலருடைய கணக்கு பூஜ்ஜியமானது. அரிசி பருப்புக்கும் வாடகைக்கும் பழைய கடனுக்கும் அது போனது.

அன்று இதை ஏ.எஃப்.பி.க்கு விழுந்த மரண அடி என்று இடதுசாரிகள் கொண்டாடினார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. நாற்பது ஆண்டுகளில் முதல் முறையாக அந்தப் பணம் கைக்கு வந்தது. திரையில் ஓர் எண்ணாக இருந்தது நோட்டாக மாறியது. "இது என் பணம்" என்று ஹோசே பினேரா நாற்பது வருடமாகச் சொல்லி வந்ததை, அவரை வெறுத்தவர்களே கையில் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். அதற்கடுத்து, எல்லாரும் பங்கு போடும் பொது ஓய்வூதிய முறை வேண்டும் என்று அரசு பேசத் தொடங்கியதும் வந்த கோஷம்: "என் பணத்தில் கை வைக்காதே." புதிய அரசியலமைப்பு எழுதியவர்களிடம் மக்கள் மனு போடலாம் என்று ஒரு வழி இருந்தது. அதில் மிக அதிகக் கையெழுத்து பெற்றது இந்தக் கோஷத்தின் பெயரில் வந்த மனுதான், 60,000க்கும் மேல். எழுதியவர்கள் அதை நிராகரித்தார்கள். அது பெரிய பிழை என்றே நினைக்கிறேன்.

அந்த மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஏ.எஃப்.பி. ஏமாற்றுகிறது என்பதையும் அவர்கள் நம்பினார்கள், அரசு இன்னும் மோசமாக ஏமாற்றும் என்பதையும் நம்பினார்கள். ஓட்டைப் படகு என்று தெரிந்தாலும் நடு ஆற்றில் யார் இறங்குவார்கள்? கரை கண்ணில் பட வேண்டும். நாற்பது வருடமாகப் பொதுப்பள்ளியும் பொது மருத்துவமனையும் பணமில்லாமல் நலிந்து கிடந்த ஒரு நாட்டில், 'பொது' என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது நீண்ட வரிசையும் உடைந்த நாற்காலியும்தான். நவதாராளவாதத்தின் சாதுரியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது இதுதான். மாற்றை முதலில் பட்டினி போடுகிறது. பிறகு, பாருங்கள் எவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்று காட்டுகிறது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜனநாயகம் திரும்பிய 1990இல் சிலியில் பத்துப் பேரில் நான்கு பேர் ஏழைகள். 2017இல் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தக் காலத்தில் ஒரு தலைமுறை முதல் முறையாகக் கல்லூரிக்குப் போனது, முதல் முறையாகக் கார் வாங்கியது. இதைப் பொய் என்று சொல்கிற எதிர்ப்பாளரை அந்தத் தலைமுறை நம்பாது. ஆனால் எப்படி வாங்கியது? கடனில். கல்லூரிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்துத் தனியார் வங்கிகளைக் கொண்டுவந்த சட்டம் 2005இல் வந்தது. கொண்டுவந்தது பினோசே இல்லை. 17 விழுக்காட்டுக்காரரிடம் தோற்ற அதே ரிக்கார்டோ லாகோஸ், சோஷலிஸ்ட் அதிபர். குஸ்மான் வரைந்த களத்தில் பதினைந்து வருடம் ஆடியதும் எதிரணிக்கும் அந்த ஆட்டம் பழகிவிட்டது. நல்லவர்கள்தான், அக்கறையோடுதான் செய்தார்கள். கையில் இருந்த கருவி அதுவாக இருந்தது. கடன் தலைக்கு மேல் இருக்கும் குடும்பம் விலைவாசி உயர்வுக்கும் வட்டி உயர்வுக்கும் பயப்படும் குடும்பம். அது எதிர்ப்பில் கலந்துகொள்ளும், ஆனால் பரிசோதனைக்கு வாக்களிக்கத் தயங்கும்.

2022 செப்டம்பர் 4 அன்று நடந்ததை இந்தப் பின்னணியில்தான் நான் படிக்கிறேன். 388 பிரிவுகள் கொண்ட புதிய அரசியலமைப்பு வரைவு வாக்கெடுப்புக்கு வந்தது. இம்முறை வாக்களிப்பது கட்டாயம். ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். வீடு பறிபோகும் என்று பொய்ப் பிரசாரம் நடந்தது உண்மை. பூர்வகுடிகளைத் தனித் தேசங்களாக ஏற்கும் பிரிவு பலரைப் பயமுறுத்தியதும் உண்மை. விலைவாசி அந்த ஆண்டு 13 விழுக்காடு அளவுக்கு ஏறியிருந்தது. எல்லாம் சேர்ந்துதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பெட்டோர்கா. சாண்டியாகோவுக்கு வடக்கே இருக்கும் வறண்ட ஊர். 1981இல் வந்த தண்ணீர்ச் சட்டம் தண்ணீரை வாங்கி விற்கும் சொத்தாக்கியது. நிலம் ஒருவரிடம் இருக்கும், அதில் ஓடும் தண்ணீர் இன்னொருவருக்குச் சொந்தமாக இருக்கும். மலைச்சரிவுகளில் ஏற்றுமதிக்கான அவகாடோ தோட்டங்கள் பச்சைப்பசேல் என்று நிற்கும். கீழே ஆறு கூழாங்கல்லாகக் கிடக்கும். வீடுகளுக்கு லாரியில் தண்ணீர் வரும். லாரித் தண்ணீரைக் குடம் குடமாய்ப் பிடித்த அனுபவம் நமக்கும் உண்டு, அதனால் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் பொதுச் சொத்து என்று அறிவித்தது அந்த வரைவு. பெட்டோர்காவிலேயே பெரும்பான்மையோர் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். இதைக் கேட்டதும் 'மக்கள் முட்டாள்கள்' என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்தத் தோட்டத்தில்தான் அவர்களுக்கு வேலை. தண்ணீர்க் குழுக்களை நடத்தும் சிறு விவசாயிக்குக் கையில் இருக்கும் கொஞ்ச நஞ்ச உரிமையும் போய்விடுமோ என்ற பயம். இருப்பது கொஞ்சமாக இருக்கும்போதுதான் இழக்கும் பயம் பெரிதாகிறது.

வலதுசாரிகளும் இதைத் தங்கள் வெற்றி என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். அடுத்த வரைவை எழுதும் பொறுப்பு காஸ்டின் கட்சிக்கு முதன்மையாகப் போனது. பழையதைவிடச் சந்தைச் சார்பான ஒன்றை எழுதினார்கள். 2023 டிசம்பரில் அதையும் 56 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். ஆக, இடது வரைவும் தோற்றது, வலது வரைவும் தோற்றது. யாருக்கும் பிடிக்காத பழையது மிஞ்சியது. கேள்வியில் இருக்கும் 'ஆதரவில்லாமல் நீடிப்பது' என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி இருக்குமா?

சந்தையின் கையையும் மறந்துவிடக் கூடாது. போரிச் வென்ற மறுநாள், 2021 டிசம்பர் 20, சாண்டியாகோ பங்குச்சந்தை 6 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. பேசோ அதுவரை காணாத மட்டத்துக்குச் சரிந்தது. பதவியேற்கவே இன்னும் மாதங்கள் இருந்தன. அடுத்த மாதம் அவர் மத்திய வங்கித் தலைவர் மாரியோ மார்செலை நிதியமைச்சராக அறிவித்ததும் சந்தை நிம்மதி அடைந்தது. அப்புறம் 2023 மார்ச்சில் அவருடைய வரிச் சீர்திருத்தம் கீழவையில் ஓரிரண்டு வாக்குகளில் தோற்றது. வரி இல்லாமல் நலத்திட்டம் ஏது? மக்கள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை வாக்களிக்கிறார்கள், முதலீடு தினமும் வாக்களிக்கிறது.

சந்தையே தோற்றால்? அதுவும் நடந்தது. 1982இல் சிலியின் வங்கிகள் கவிழ்ந்தன, பொருளாதாரம் 10 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. அப்போது சிகாகோ பையன்களின் அரசு என்ன செய்தது? முக்கிய வங்கிகளைக் கையகப்படுத்தி, பொதுப் பணத்தில் காப்பாற்றி, பிற்பாடு மறுபடி தனியாருக்கே விற்றது. 2008இல் உலகம் முழுக்க நடந்ததன் ஒத்திகை அது. அதனால், நெருக்கடி வந்தால் நவதாராளவாதம் தானாக விழும் என்று காத்திருப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விழும் கணத்தில் அரசைத் தாங்குகோலாகப் பயன்படுத்துவது அதன் இயல்பிலேயே இருக்கிறது.

சிலிக்கு வெளியே இதே கதை வேறு உருவில் நடக்கிறது. 2015 ஜூலை 5 அன்று கிரேக்க மக்கள் 61 விழுக்காட்டினர் சிக்கன நிபந்தனைகளை நிராகரித்தார்கள். வங்கிகள் மூடிக் கிடந்தன, ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். எட்டாவது நாள் அதே இடதுசாரி அரசு அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டது. இலங்கையில் 2022இல் மக்கள் ஓர் அதிபரையே விரட்டினார்கள். மறு ஆண்டு சர்வதேச நாணய நிதியத்தோடு சுமார் 300 கோடி டாலர் ஒப்பந்தம் ஆனது. உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் தப்பின, சுமை விழுந்தது தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியின் மேல். 2024இல் ஆட்சிக்கு வந்த அனுர குமார திசாநாயக்கவும் அந்த ஒப்பந்தத்தோடுதான் தொடர்கிறார்.

நமக்கும் ஓர் இழை வந்து சேர்கிறது. சிலி பாணித் தனிக்கணக்கு ஓய்வூதியத்தை 1990களில் உலக வங்கி நாடு நாடாகப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் புதிய ஓய்வூதியத் திட்டம். அங்கேயும் முப்படைகளுக்கு விலக்கு. சாண்டியாகோவில் இருந்த அதே விலக்கு. இங்கே முதலாளியான அரசும் பங்கு போடுகிறது என்பது பெரிய வித்தியாசம்தான், ஆனால் 'உன் வயோதிகம் உன் கணக்கில்' என்ற எண்ணம் ஒன்றே.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், அப்படி நான் சொல்லவில்லை. கைக்கு வந்ததை விட மறுக்கும் இதே தன்மை எதிர்ப் பக்கமும் வேலை செய்யும். 2008இல் அதிபர் மிச்செல் பாச்செலெட்டின் அரசு, கணக்கில் எதுவும் சேராத முதியவர்களுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஓர் அடிப்படை ஓய்வூதியம் கொடுத்தது. சிறிய தொகைதான், புரட்சி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கைக்கு வந்தது. வந்ததை யாராலும் பிடுங்க முடியவில்லை. 2022 தொடக்கத்தில் அதை விரிவாக்கி, 65 வயதைக் கடந்தவர்களில் மிக வசதியான பத்து விழுக்காட்டினரைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் உரியதாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டவர் வலதுசாரி அதிபர், ஹோசே பினேராவின் தம்பி. பிரம்மாண்டமான 388 பிரிவுகள் செய்யாததை மாதாமாதம் வரும் ஒரு தொகை செய்தது. 'பொது' என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்தது.

போரிச் அரசால் ஏ.எஃப்.பி.யை ஒழிக்க முடியவில்லை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் ஏற்ற ஓய்வூதியச் சட்டம் ஒரு சமரசம். ஏ.எஃப்.பி. இருக்கும், தனிக்கணக்கு இருக்கும், ஆனால் முதலாளியும் பங்கு போட வேண்டும், அது படிப்படியாக 8.5 விழுக்காடு வரை ஏறும், அதில் ஒரு பகுதி எல்லாருக்குமான பொது நிதிக்குப் போகும். சரணாகதி என்று போராட்டக்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தச் சட்டத்தை முன்னின்று நடத்திய தொழிலாளர் அமைச்சர் ஹானெட் ஹாரா, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், அதே ஆண்டு அதிபர் தேர்தலில் காஸ்டிடம் தோற்றும் போனார். ஆனால் 2025 ஆகஸ்ட் மாதச் சம்பளத்தோடு முதலாளி தன் பங்கைப் போடத் தொடங்கிவிட்டார். தொடக்கத்தில் ஒரு விழுக்காடுதான்.